குறை மாதக் குழந்தையின் முதல் பாடம்

“பிள்ளை பால் குடித்தானா?”

பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்திருக்கும் பாட்டி, உள்ளேயிருந்து வரும் மருமகளைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

“இல்லை, அத்தை. இன்னும் குழாய் வழியாகத்தான் விடுகிறார்கள்.”

“பிறந்து பத்து நாள் ஆகிவிட்டதே! இன்னுமா குடிக்கத் தெரியவில்லை?”

மருமகள் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள்.

தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் நினைக்கிறாள். பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று பாட்டி நினைக்கிறாள். ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று தாத்தா நினைக்கிறார்.

மூன்று பேர் நினைப்பதும் தவறு.

அந்தக் குழந்தை இன்னும் தாயின் வயிற்றுக்குள் இருக்கவேண்டிய குழந்தை. அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டது. வாயால் பால் குடிப்பது அதற்கு ஒரு பாடம். அந்தப் பாடத்தை அது மெதுவாகத்தான் படிக்கும். அந்தப் பாடத்துக்கு முதல் வாத்தியார், அதைப் பெற்ற தாய்.

அந்த வாத்தியாரைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கலாமா?

இதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

எது குறை மாதம்?

கடைசியாக மாதவிலக்கு ஆன நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், 40 வாரத்தில் பிரசவம் ஆகவேண்டும். 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்தால் அது குறை மாதக் குழந்தை.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற அதிசயம் அல்ல. 2020-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறை மாதத்தில் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. இது உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து எடுத்த கணக்கு.

“ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது” என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. வயிற்றுக்குள் எத்தனை வாரம் கூடுதலாக இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை குழந்தைக்கு நல்லது. ஏழு மாதக் குழந்தையைவிட எட்டு மாதக் குழந்தைக்குத் தெம்பு அதிகம்.

குடும்பத்தார் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 30 வாரத்தில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பிறந்து 10 நாள் ஆகிவிட்டது. அதன் வயது 10 நாள் என்று நாம் எண்ணுகிறோம். டாக்டர் அப்படி மட்டும் எண்ணுவது இல்லை. “31½ வாரக் குழந்தை” என்றும் எண்ணுகிறார்.

பால் குடிக்கும் பாடத்துக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

மூன்று வேலை, ஒரே நேரம்

பால் குடிப்பது சுலபமான வேலை என்று நாம் நினைக்கிறோம். அது சுலபம் அல்ல.

வாயால் சப்ப வேண்டும். சப்பிய பாலை விழுங்க வேண்டும். நடுவே மூச்சும் விட வேண்டும். மூன்று வேலை! மூன்றும் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நடக்க வேண்டும்.

தொண்டையை ஒரு ரெயில்வே கேட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக் காற்று போகிற பாதையும் பால் போகிற பாதையும் அங்கேதான் சந்திக்கின்றன. பால் போகும்போது மூச்சுப் பாதையின் கேட்டை மூட வேண்டும். பால் போனதும் திறக்க வேண்டும். கேட்டை மூட மறந்தால் பால் நுரையீரல் பக்கம் போய்விடும்.

இந்த வேலையைக் குழந்தை வயிற்றுக்குள்ளேயே பழக ஆரம்பிக்கிறது. ஐந்தாம் மாதத்தில் விரலைச் சப்புகிற குழந்தையை ஸ்கேன் படத்தில் பார்க்கலாம். பனிக்குடத்து நீரையும் அது விழுங்குகிறது. ஆனால் அங்கே மூச்சு விடுகிற வேலை இல்லை. மூச்சுக்காற்று தாயின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒழுங்காக நடக்கத் தொடங்குவது சுமார் 32 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள். அது நன்றாகக் கைகூட 36, 37 வாரம்கூட ஆகும். சில குழந்தைகள் முந்தும். சில பிந்தும்.

அதற்கு முன்பு வாயில் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? குழந்தை மூச்சை நிறுத்திவிடலாம். உடம்பு நீலம் பாரிக்கலாம். நெஞ்சுத் துடிப்பு குறைந்துபோகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நிறைமாதக் குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு இருக்கும். சப்புவதற்கு அது பலம். குறை மாதக் குழந்தைக்கு அது இல்லை. நாலு இழுப்பு இழுத்ததுமே அது களைத்துப்போகும். தூங்கிவிடும்.

சோம்பேறித்தனம் அல்ல அது. அலுப்பு!

குழாய் தோல்வி அல்ல

அதனால்தான் குழாய்.

மெல்லிய, மிருதுவான குழாய் அது. அளந்து பார்த்து, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிறு வரைக்கும் விடுவார்கள். சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதித்த பிறகே பால் விடுவார்கள். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும். பிடித்துத் தள்ளுவது இல்லை.

இது புதிய வித்தை அல்ல. பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் தார்னியே என்ற டாக்டர் 1880-களிலேயே குழாய் வழியாகப் பால் கொடுத்தார். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்தவரும் அவரே.

குழாயில் போகும் பால் எவ்வளவு? சின்னஞ்சிறு குழந்தைக்கு முதல் நாளில் 1 மில்லி, 2 மில்லிதான். பிறகு நாளுக்கு நாள் கூட்டுவார்கள். 1 கிலோ 200 கிராம் எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 180 மில்லி பால் என்ற அளவு வரும்போது, 2 மணிக்கு ஒரு தடவை 15 மில்லி. அதாவது மூன்று தேக்கரண்டி.

“மூன்று தேக்கரண்டி எந்த மூலைக்கு?” என்று கேட்காதீர்கள். அதன் வயிறு அவ்வளவுதான். அந்தப் பாலில் அது கிலோவுக்கு 15 கிராம் வீதம் தினமும் எடை கூடினால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

குழாயில் விடுகிற பாலும் தாய்ப்பாலாக இருப்பதே நல்லது. குறை மாதத்தில் பெற்ற தாயின் பாலில், முதல் சில வாரங்களுக்குப் புரதச் சத்து கூடுதலாக இருக்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் அதிகம். குறை மாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய குடல் நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளை அது தாக்குவது குறைவு.

பாலை எடுத்துக் கொடுப்பது எப்படி? பிரசவம் ஆன சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதலில் வருவது சீம்பால். நாலைந்து துளிதான் வரும். அதையும் வீணாக்கக் கூடாது. பிறகு இரவும் பகலுமாக 24 மணி நேரத்தில் 8 தடவையாவது எடுக்க வேண்டும். இரவிலும் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால் வற்றும்.

அழுகையும் கவலையும் பசியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பால் இறங்குவது தடைப்படும். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் நன்றாக இறங்கும். இது பல தாய்மார்கள் கண்ட அனுபவம்.

நெஞ்சுச் சூட்டில் பள்ளிக்கூடம்

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைகள் வருகிற பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்தது. ஒரு குழந்தையின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது.

எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் 1978-ல் ஒரு வழி கண்டார். தாயின் நெஞ்சில், உடம்போடு உடம்பு ஒட்டும்படி குழந்தையை நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருக்கிறது அல்லவா? அதைப்போல! அதனால் அதற்குக் “கங்காரு முறை” என்று பெயர் வந்தது.

ஏழை நாட்டுக்காகக் கண்ட வழி அது. இன்று பணக்கார நாடுகளும் அதைப் பின்பற்றுகின்றன.

பால் குடிக்கும் பாடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தாயின் நெஞ்சில் கிடக்கும் குழந்தைக்குப் பாலின் வாசனை தெரிகிறது. அது தலையைத் திருப்புகிறது. வாயைத் திறக்கிறது. நாக்கை நீட்டி நக்குகிறது. பாடம் தொடங்கிவிட்டது! தாய்க்கும் பால் கூடுதலாக ஊறுகிறது.

குழாயில் பால் விடுகிற நேரத்திலும் குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைத்திருக்கலாம். வயிறு நிறைவதும் தாயின் மார்பும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை என்று குழந்தைக்குப் பழகும்.

அடுத்தபடி, பால் எடுத்த பிறகு உள்ள மார்பில் பயிற்சி. தாய் முதலில் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். பிறகு குழந்தையின் வாயை மார்பில் வைக்க வேண்டும். பால் பெருகி வந்து தொண்டையை அடைக்கும் பயம் இல்லை. குழந்தை சும்மா சப்பிப் பழகும். இப்படிப் பழகிய குழந்தைகள் குழாயிலிருந்து வாய்க்குச் சீக்கிரம் மாறுகின்றன என்றும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள் குறைகின்றன என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

கன்னத்தையும் உதட்டையும் ஈறையும் சுத்தமான விரலால் மெதுவாக நீவிவிடும் பயிற்சியும் சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. சில நிமிஷ வேலைதான். ஆனால் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். நர்சு சொல்லிக் கொடுக்காமல் யாரும் குழந்தையின் வாயில் விரல் வைக்கக் கூடாது.

நம் வீட்டுப் பாலாடை

சுமார் 32 வாரம் ஆனதும், குழந்தையின் நிலைமையைப் பார்த்து, வாயால் கொடுத்துப் பார்ப்பார்கள். எதில் கொடுப்பது?

நம் பாட்டிமார்களைக் கேளுங்கள். “சங்கில் கொடு” என்பார்கள். சில ஊர்களில் பாலாடை என்பார்கள். சின்ன ஓடம் போல இருக்கும். ஒரு பக்கம் நீண்ட மூக்கு. வெள்ளியிலும் இருக்கும். பித்தளையிலும் இருக்கும். ஆஸ்பத்திரியில் எவர்சில்வர்.

நம் சமையலறையில் கிடக்கும் இந்தச் சின்னப் பாத்திரம் இன்று மருத்துவப் புத்தகங்களில் ஏறிவிட்டது. வெளிநாட்டு டாக்டர்களும் அதைப் “பாலாடை” என்றே எழுதுகிறார்கள்!

கிண்ணம், பாட்டில், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த இந்திய டாக்டர்களின் ஆராய்ச்சி ஒன்று 1999-ல் வெளியாயிற்று. குறைந்த நேரத்தில் அதிகப் பாலைக் குழந்தை குடித்தது பாலாடையில்தான் என்று அது கூறியது. ஆனால் 2007-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறு மாதிரி சொன்னது. அங்கே பாலாடையில் கொடுத்தபோது பால் அதிகமாகச் சிந்தியது. நேரமும் அதிகமானது. குழந்தைகள் திணறின.

இதிலிருந்து நாம் படிக்கவேண்டியது என்ன? பாலாடை மந்திரக்கோல் அல்ல. பிடிக்கிற கை பழகிய கையாக இருக்க வேண்டும்.

பழகிய கை எப்படிக் கொடுக்கும்? குழந்தையைத் துணியில் சுற்றி, மடியில் சற்று நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடிக்கும். பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் மேல், வாயின் ஓரமாக வைக்கும். பால் உதட்டைத் தொடுகிற அளவுக்குச் சாய்க்கும். குழந்தை தானாக எடுத்து விழுங்கும் வரை காத்திருக்கும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். கொடுத்து முடிந்ததும் தோளில் போட்டு மெதுவாகத் தட்டும்.

வீட்டில் சிலர் செய்கிறபடி நாக்கை அழுத்திக்கொண்டு மடமடவென்று ஊற்றுவது மகா ஆபத்து. மூக்கைப் பிடித்துப் புகட்டுவது அதைவிட ஆபத்து. ஒவ்வொரு தடவையும் பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும்.

34 வாரத்தைத் தாண்டியதும் பெரும்பாலான குழந்தைகள் தாயின் மார்பில் நேராகக் குடிக்கப் பழகும். முதல் நாள் இரண்டு வாய். மறுநாள் நாலு வாய். மீதியைப் பாலாடையிலோ குழாயிலோ கொடுப்பார்கள். ஒரு நாள் நன்றாகக் குடித்த குழந்தை மறுநாள் குடிக்காமல் தூங்கும். தாய் பயந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட ஒரு நாள் மக்கர் பண்ணுகிறதே!

குழந்தை சொல்லும் சேதி

“எனக்குப் பசிக்கிறது” என்று குறை மாதக் குழந்தை கத்தி அழாது. அவ்வளவு தெம்பு அதற்கு இல்லை. ஆனால் வேறு விதமாகச் சொல்லும்.

கண் விழித்துப் பார்க்கும். கையை வாய்க்குக் கொண்டு போகும். உதட்டைச் சப்புக் கொட்டும். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். இதுதான் பால் கொடுக்க நல்ல நேரம்.

“போதும், நிறுத்து” என்றும் அது சொல்லும். விரல்களை அகல விரிக்கும். நெற்றியைச் சுருக்கும். கொட்டாவி விடும். விக்கும். பாலைக் கடைவாயில் ஒழுக விடும். கண்ணை மூடிக்கொள்ளும். அப்போது நிறுத்திவிட வேண்டும். நிமிர்த்திப் பிடித்து, ஓய்வு கொடுக்க வேண்டும். உடம்பின் நிறம் மாறினாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்.

இந்தச் சேதிகளை யார் முதலில் கண்டுபிடிப்பார்? ஒரு நர்சு பல குழந்தைகளைப் பார்க்கிறார். தாய் ஒரே குழந்தையைப் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத்தான் அந்தச் சின்ன முகத்தின் ஒவ்வொரு சுளிப்பும் தெரியும்.

ஆனால் ஒன்று. அவள் பக்கத்தில் இருந்தால்தானே தெரியும்?

அவசரக்காரர்கள்

குழந்தைக்குப் பக்கத்தில் தாய் இல்லாதபோது அவசரக்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள்.

“சேனை வைக்காமல் இருக்கலாமா? ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வை” என்று ஒருவர் சொல்கிறார். “தேன் தடவு” என்கிறார் மற்றொருவர். “கழுதைப் பால் கொடுத்தால் பிள்ளை தேறும்” என்று மூன்றாமவர் தெருவில் விற்பவனைத் தேடுகிறார்.

எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் குறை மாதக் குழந்தையின் குடல் பூப்போன்றது. தேனில் உள்ள கிருமி கைக்குழந்தைக்கு விஷம் ஆகலாம். கழுதைப் பாலில் காய்ச்சல் கிருமி இருந்தால் யார் பொறுப்பு?

இன்னொரு கட்சி பாட்டில் கட்சி. “ரப்பர் வைத்த பாட்டிலில் கொடு, சட்டென்று குடித்துவிடும்” என்கிறார்கள். பாட்டிலில் பால் வேகமாக வந்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும். பாட்டிலையும் ரப்பரையும் கிருமி இல்லாமல் வைத்திருப்பது கஷ்டம். ரப்பருக்குப் பழகிய குழந்தை தாயின் மார்பில் குடிக்கத் தடுமாறவும் கூடும். பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. காரணம் இல்லாமலா சட்டம் வரும்?

தாய்க்குப் பால் போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மற்றத் தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலைச் சோதித்து, கிருமி நீக்கி வைத்திருப்பார்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் பம்பாயில், சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார்.

தாய்க்கு இடம் எங்கே?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் சிசுக்களுக்கான தனிப் பிரிவுகள் பெருகியிருக்கின்றன. மேற்கு வங்காளத்தில் புரூலியா மாவட்ட ஆஸ்பத்திரியில் 2003-ல் ஒரு பிரிவு தொடங்கியது. அதைப் பார்த்து நாடெங்கும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தொடங்கினார்கள். கருவிகள் வந்தன. டாக்டர்களும் நர்சுகளும் பயிற்சி பெற்றார்கள். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் பல இடங்களில் கருவிக்கு இடம் இருக்கிறது. தாய்க்கு இடம் இல்லை.

குழந்தை ஒரு கட்டடத்தில். தாய் வேறு ஒரு வார்டில். பிரசவப் புண் ஆறாத உடம்போடு அவள் நடந்து வருகிறாள். குறித்த நேரத்தில் பாலைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுப் போகிறாள். உட்கார நாற்காலி இல்லை. சாய முதுகுப்பலகை இல்லை. வார்டில் பெயர் நீக்கிவிட்டால் வராந்தாவில் படுக்கை. சில நாளில் பால் வற்றுகிறது. “எனக்குப் பால் இல்லை” என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள்.

அவளுக்குப் பால் இல்லாமல் இல்லை. இடம்தான் இல்லை!

இது கூடாது என்பதற்குப் பலமான சாட்சி இருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவுக்கு மேல், 1 கிலோ 800 கிராமுக்குக் கீழ் உள்ள 3,211 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு, பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கினார்கள். தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருந்தார்கள். மறு பாதிக்கு வழக்கம்போல, குழந்தையின் உடல்நிலை சீரான பிறகு தொடங்கினார்கள்.

2021-ல் முடிவு வெளியாயிற்று. முதல் 28 நாளில், வழக்கமான முறையில் 100 குழந்தைகளுக்கு சுமார் 16 இறந்தன. தாயோடு இருந்தவற்றில் 100-க்கு 12 இறந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மருந்து இப்படிப்பட்ட பலனைக் கொடுத்தால் எந்த விலை கொடுத்தும் வாங்குவோம். இந்த மருந்துக்கு விலை இல்லை. ஒரு கட்டில் போதும்!

2022-ல் உலக சுகாதார நிறுவனம் புது யோசனை சொன்னது. குறை மாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே கங்காரு முறையைத் தொடங்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். குடும்பத்தாரையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுவே அந்த யோசனை.

ஆகவே ஆஸ்பத்திரிகளை நடத்துவோருக்கு நாம் சொல்வது இது:

சிசுப் பிரிவுக்குள்ளேயே ஒவ்வொரு தாய்க்கும் சாய்வு நாற்காலி ஒன்று போடுங்கள். பக்கத்தில் படுக்கை கொடுங்கள். மறைவாகப் பால் எடுக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். மூன்று வேளைச் சாப்பாடும், குளிக்கத் தண்ணீரும் கிடைக்கச் செய்யுங்கள். தாயைப் பார்வையாளர் என்று எண்ணாதீர்கள். அவள் சிகிச்சையில் ஒரு பங்கு. கூட்டத்தால் நோய் தொற்றும் என்ற பயம் நியாயமானதே. கை கழுவக் கற்றுக்கொடுத்துக் கூட்டத்தைத் தடுங்கள். தாயைத் தடுக்காதீர்கள்.

நர்சுகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலாடையில் பொறுமையாகப் பால் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். கைநிறையக் குழந்தைகளை ஒரே நர்சிடம் கொடுத்துவிட்டுப் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா?

வீட்டாரே, உங்களுக்கும்!

ஆஸ்பத்திரி இடம் கொடுத்தாலும் வீடு விடவேண்டுமே!

“தீட்டுக் கழிக்க வேண்டும், வீட்டுக்கு வா” என்று தாயை அழைக்காதீர்கள். மூத்த பிள்ளையை அத்தையோ சித்தியோ சில வாரம் பார்த்துக்கொள்ளட்டும். சோறும் ரசமும் காயும் கூடையில் வரட்டும்.

அப்பாமார்களே! நீங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். தாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். குளித்து, கை கழுவி, சுத்தமாக வந்தால் போதும். இருமலும் சளியும் இருந்தால் மட்டும் கிட்டே போகக் கூடாது.

குழந்தை வாயால் குடிக்கிறது, எடை கூடுகிறது, உடம்புச் சூடு குறையாமல் இருக்கிறது என்றால் டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார். “சீக்கிரம் அனுப்புங்கள்” என்று அவரை நெருக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கங்காரு முறை தொடரட்டும். குறித்த நாளில் எடை பார்க்கவும், கண் சோதனைக்கும் தவறாமல் போக வேண்டும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மீண்டும் அந்த வராந்தாவுக்குப் போவோம்.

பாட்டி காத்திருக்கிறாள். மருமகள் வருகிறாள். பாட்டியின் கையில் தூக்குச் சட்டி இருக்கிறது.

“பிள்ளை பால் குடித்தானா?” என்று இன்று அவள் கேட்கவில்லை.

“நீ சாப்பிட்டாயா, கண்ணு? பிள்ளை பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்களா?” என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்வியை எல்லாப் பாட்டிகளும் கேட்கட்டும். எல்லா ஆஸ்பத்திரிகளும் “கொடுத்தோம்” என்று பதில் சொல்லட்டும்.

பிள்ளை பால் குடிக்கும்.